ஊது

ஊது என்று சொல்வதுதான் என் வேலை.
வெள்ளை அட்டைக் குழாயை வாயில் கவ்வச் சொல்லி
மூக்குக்குக் கிளிப் மாட்டி
ஊது ஊது ஊது, இன்னும் இன்னும், விடாதே
என்று கத்துவேன்.
மலையாளிக்கும் ஊதுதான்.
அரபிக்கு உன்ஃபுக்.
இந்திக்காரருக்கு என் கன்னத்தை உப்பிக் காட்டினால் போதும்.

ஃபஹாஹீலில் மூன்றாம் மாடி கிளினிக்.
தூசி படிந்த ஜன்னலுக்கு அப்பால்
சுத்திகரிப்பு ஆலையின் குழாய் உச்சியில் ஒரு தீ,
நான் வந்த நாளிலிருந்து அதே உயரத்தில்.

இன்று இத்ரீஸ், இருபத்து நான்கு.
பெட்ரோல் பங்கில் இரவுக் கேஷியர்.
கண்ணாடிக் கூண்டு, சுழல் நாற்காலி,
பன்னிரண்டு மணி நேரம்,
கை எட்டும் தூரத்தில் குப்பூஸ், பெப்சி, பாலேறிய கரக் டீ.
"நாலு வருஷத்துல முப்பத்தோரு கிலோ.
வீடியோவுல பார்த்தவங்க எல்லாம் 'நல்லா ஊதிட்டே'ங்கிறாங்க.
இங்க வந்தா நீங்க ஊதச் சொல்றீங்க."
சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன்.
சிரித்துவிட்டேன்.

புகை?
இல்லை.
சின்ன வயதில் இழுப்பு?
இல்லை.
பின் எதற்கு வந்தாய்?
போன மாதம் ஃபிளாட்டில் லிஃப்ட் நின்றதாம்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
செல்போனை எடுத்து
"மெசேஜ் பார்க்கிற மாதிரி நின்னேன்.
ஒரு மெசேஜும் வரலை."

மூன்று முறை ஊதினான்.
முதல் நொடியில் வருகிற காற்று குறைவு.
மொத்தக் காற்றும் குறைவு.
இரண்டுக்கும் உள்ள விகிதம் மட்டும் சுத்தம்.
இரண்டு தட்டிலும் அளந்து திருடினால்
தராசு நேராகத்தான் நிற்கும்.

உட்காரும்போது வயிறு மேலே வருகிறது.
உதரவிதானம் கீழே இறங்க இடம் கேட்கிறது.
அது பாதிக் கதை.
மீதி, ரத்தச் சீட்டில்: சி.ஆர்.பி. ஏழு.

"காய்ச்சலா?"
இல்லை.
"எங்கயும் அடிபடலியே."
இல்லை. வீக்கம்.
"எங்க?"
விரல்களை விரித்துப் பார்த்தான்,
கணுக்காலை அழுத்திப் பார்த்தான்.
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
இது விரலே இல்லாத வீக்கம்.

கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, இத்ரீஸ்.
ரத்தத்தில் ஓயாமல் சேதி அனுப்பும்.
சேதி கேட்டு வெள்ளணுக்கள் ஓடிவரும்.
வந்து பார்த்தால் எதிரி இல்லை.
திரும்பிப் போகாமல் அங்கேயே கூடாரம் அடித்துவிடும்.
அதோ பார், அந்தத் தீ மாதிரி.
சின்னதாய்,
நிற்காமல்.

எட்டிப் பார்த்தான்.
"அக்கா, அது எரிஞ்சா பயமில்லை.
அணைஞ்சாத்தான் உள்ள ஏதோ கோளாறும்பாங்க."

என் உவமை அங்கேயே செத்தது.

"குறைச்சா சரியாகுமா?"
பெரும்பாலும்.
தினமும் நட, என்று தாளில் அச்சடித்தே இருக்கிறது.
"எங்க?"
காலை ஆறுக்கு டூட்டி முடியும்.
ஏழுக்குள் வெயில் கன்னத்தில் அறையும்.
மால் திறக்கப் பத்து மணி,
அப்போது அவன் பங்க் பெட்டில் மேலடுக்கில்.
தாளை நாலாக மடித்துச்
சிவில் ஐடிக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனான்.

மணி ஐந்து. வெளியே யாரும் இல்லை.
எனக்கு இருபத்தேழு.
இந்த நாற்காலி எனக்குப் பத்தொன்பது கிலோ தந்திருக்கிறது.
கிளினிக் வாசலில் நானும் சில நாள்
சாவி தேடுகிற மாதிரி நிற்பதுண்டு.
புதுக் குழாய் ஒன்றைப் பிரித்தேன்.
பெயர், வயது, எடை என்று கேட்டது திரை.
எடையில் இரண்டு கிலோ பொய் அடித்து
அழித்து
மறுபடி அடித்தேன்.
மூக்கில் கிளிப்.
ஊது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கதவு திறந்தது.
"சார்ஜரை விட்டுட்டுப் போயிட்டேன்..."

பார்த்தான்.
உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.
பிறகு என் குரலிலேயே,
என்னைவிடச் சத்தமாக,
"நல்லா இழுங்க.
இப்ப ஊதுங்க. ஊதுங்க ஊதுங்க,
விடாதீங்கக்கா, இன்னும், இன்னும்!"

கோடு ஏறி வளைந்து
எங்கே போய் நின்றது என்று நான் பார்க்கவில்லை.
கண்ணை மூடியிருந்தேன்.
அவன் பார்த்தான்.
சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டி, பையில் போட்டுக்கொண்டு,
மூச்சு விடாமல் போனான்.